முதல் வகுப்பின் முதல் மாதம்: சென்னை தரும் நான்கு பாடங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் தொடக்கப்பள்ளி வாசலில் கேட்கும் ஒலி நம் அனைவருக்கும் பழக்கமானது. ஒரு குழந்தை அழத் தொடங்கினால் போதும், வரிசையில் நிற்கும் மற்ற குழந்தைகளும் சேர்ந்துகொள்ளும். அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்த கை விடாது. "நீங்க கிளம்புங்கம்மா, நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லிக் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்கிறோம். பத்து நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் அனுபவம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி நடப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரும் குழந்தை, காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் குழந்தை, வந்தும் வாய் திறக்காத குழந்தை என ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருக்கிறார்கள். இவர்களின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும், மனம் வகுப்பில் இருக்காது. முதல் மாதத்தில் இப்படி விலகி நிற்கும் குழந்தை எழுத்தறிவில் பின்தங்குகிறது. பின்தங்கியதால் பள்ளி இன்னும் கசக்கிறது. மூன்றாம் வகுப்பில் நாம் காணும் 'கற்றலில் இடைவெளி'யின் வேர் சில குழந்தைகளுக்கு முதல் வகுப்பின் முதல் மாதத்திலேயே இருக்கிறது.

எனவே குழந்தையைப் பள்ளிக்குப் பழக்குதல் என்பது பாடம் தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டிய சடங்கு அன்று. அதுவே முதல் பாடம். இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதற்கு நம் தலைநகரின் கல்வி வரலாற்றிலேயே நல்ல வழிகாட்டுதல்கள் உள்ளன. எழும்பூர், அடையாறு, ஆயிரம் விளக்கு ஆகிய இடங்களில் வெவ்வேறு காலங்களில் நடந்த நான்கு முயற்சிகளைப் பார்ப்போம். ஒவ்வொன்றிலிருந்தும் இந்த ஜூன் மாதம் நாம் செய்யக்கூடியதை எடுத்துக்கொள்வோம்.

அழுகை எதைச் சொல்கிறது?

அதற்கு முன் குழந்தையின் நிலையைப் புரிந்துகொள்வோம். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. "நாலு மணிக்கு அம்மா வருவாங்க" என்பது அதற்குப் பொருளற்ற சொல். அம்மா போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியவில்லை, சுற்றிலும் இருப்பவர்கள் யார் என்றும் தெரியவில்லை. அழுகை இந்த மூன்றையும்தான் சொல்கிறது. அது பிடிவாதமும் அன்று, வளர்ப்பின் குறையும் அன்று.

லண்டனில் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைப் படம்பிடித்து 1952-இல் வெளியிட்டார். பிரிவுக்கு ஆளான குழந்தைகளிடம் மூன்று நிலைகள் தெரிவதாக அவர் விளக்கினார். முதலில் எதிர்ப்பு: அழுகை, தேடல். அடுத்து சோர்வு: ஒதுங்கி அமைதியாக இருத்தல். மூன்றாவது, உறவையே விலக்கிக்கொள்ளுதல். இரண்டாம், மூன்றாம் நிலைகளில் குழந்தை அழுவதில்லை. அதனால் 'பழகிவிட்டது' என்று பெரியவர்கள் தவறாக எண்ணிவிடுகிறார்கள் என்பதே அவர் காட்டிய முக்கியமான செய்தி.

சில மணி நேரப் பள்ளிப் பிரிவும் நாள்கணக்கான மருத்துவமனைப் பிரிவும் ஒன்றல்ல. ஆயினும் வகுப்பறைக்கு அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அழுகை நின்றுவிட்டது என்பது மட்டுமே குழந்தை பழகிவிட்டதற்கு அடையாளம் ஆகாது. குழந்தை விளையாடுகிறதா, பேசுகிறதா, சாப்பிடுகிறதா, யாரிடமாவது ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க வேண்டும்.

முதல் பாடம்: பக்கத்தில் ஓர் அண்ணனோ அக்காவோ

1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து மதகுரு. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித் தருவதையும் அவர் கவனித்தார். அவற்றைத் தம் பள்ளியில் கையாண்டு, இங்கிலாந்து திரும்பியபின் 1797-இல் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. பெல் உலகுக்கு எடுத்துச் சென்றது நம் திண்ணையில் இருந்ததைத்தான்.

திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைக்கு இன்னொரு முகமும் உண்டு. கையில் பிரம்பு வைத்திருந்த சட்டாம்பிள்ளைக்குச் சிறுவர்கள் நடுங்கினார்கள். நமக்கு வேண்டியது அந்த அதிகாரம் அன்று, உடனிருப்பு மட்டும். புதிதாக வரும் ஒவ்வொரு முதல் வகுப்புக் குழந்தைக்கும் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு துணையை அமைக்கலாம். அவர்கள் செய்ய வேண்டியவை நான்கே:

காலையில் வாசலில் கைபிடித்து வகுப்புக்கு அழைத்து வருவது. தண்ணீர்க் குழாயையும் கழிவறையையும் காட்டுவது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்காருவது. மாலையில் வீட்டார் கையில் ஒப்படைக்கும்வரை உடன் நிற்பது.

அதே தெருவில் வசிக்கும் பிள்ளையாகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. ஈராசிரியர் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைக் கவனிக்கும் சூழலில் இந்தத் துணை பெரிய உதவி. "அடிக்கக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, அழுதால் டீச்சரிடம் வந்து சொல்ல வேண்டும்" என்று மூத்த குழந்தைகளுக்கு அரைமணி நேரம் முன்பயிற்சி தருவது அவசியம். பாடத்தில் பின்தங்கிய ஐந்தாம் வகுப்பு மாணவருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அந்த மாணவரின் வருகையும் சீராகக்கூடும்.

இரண்டாம் பாடம்: வாசலில் கிடைக்கும் மரியாதை

1894-இல் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் அடையாற்றில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தீண்டாமையின் பெயரால் பிற பள்ளிகளின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி அது. ஆல்காட் நினைவுப் பள்ளியாக அது இன்றும் இயங்கி வருகிறது. அந்தக் காலத்தில் அந்த வாசலுக்குள் காலெடுத்து வைத்த குழந்தை, தனக்கும் இங்கே இடமுண்டு என்பதையே முதலில் கற்றிருக்கும்.

சட்டப்படி இன்று எந்தக் குழந்தைக்கும் வாசல் மூடியில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்து வடிகட்டக் கூடாது என்கிறது. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் சட்டம் திறந்துவைத்த வாசலிலும் சில சொற்கள் குழந்தையைத் தள்ளி நிறுத்திவிடும். "இவ்வளவு அழுக்கா வந்திருக்கே", "உங்க ஏரியாப் பிள்ளைங்களே இப்படித்தான்", "உங்க அண்ணன் மாதிரியா நீயும்?" போன்ற சொற்கள் அவை. சொன்னவர் அன்றே மறந்துவிடுவார். கேட்ட குழந்தை மறப்பதில்லை. உடன் நிற்கும் தாயும் மறப்பதில்லை.

மரியாதை பெயரில் தொடங்குகிறது. வீட்டில் பாப்பா, குட்டி, அப்பு என்றே அழைக்கப்பட்ட குழந்தைக்குப் பதிவேட்டில் உள்ள பெயர் தன்னுடையது என்றே தெரியாமல் இருக்கலாம். வருகைப் பதிவின்போது பதில் வராததற்கு அதுவும் ஒரு காரணம். சேர்க்கையின்போதே வீட்டில் அழைக்கும் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரண்டு பெயர்களையும் சேர்த்து அழையுங்கள். அடுத்த வாரம் பதிவேட்டுப் பெயருக்குக் குழந்தை தானாகவே கை தூக்கும்.

மூன்றாம் பாடம்: வயிறு நிறைந்தால் மனம் தங்கும்

1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க ஒப்புதல் அளித்தது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் என்பது நிபந்தனை. அப்பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஏழைகள், அதனால் மாணவர் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது என்பதே முன்வைக்கப்பட்ட காரணம். பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட ஆங்கிலேய அரசு அனுமதி மறுத்ததால் 1925-இல் நின்றுபோனது. நாம் தினமும் 'தி.நகர்' என்று சொல்லும்போது உச்சரிப்பது அந்தத் தியாகராயரின் பெயரைத்தான்.

நின்றுபோன அந்த எண்ணம் 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவாகவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாகவும், 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவாகவும் தொடர்ந்தது. 2025 ஆகஸ்ட் மாதம் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது அதன் தொடக்க விழா மயிலாப்பூரில் உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில்தான் நடந்தது.

இதில் நமக்கான செய்தி என்ன? காலை உணவு ஊட்டச்சத்துக்கான திட்டம் மட்டுமன்று, குழந்தையைப் பள்ளிக்குப் பழக்க நம் கையில் உள்ள மிகச் சிறந்த வாய்ப்பும் அதுவே. அம்மாவைப் பிரிந்த அடுத்த நிமிடம் குழந்தை உட்கார வேண்டிய இடம் கரும்பலகைக்கு எதிரே அன்று, சூடான உப்புமாவுக்கோ பொங்கலுக்கோ முன்னால். கையும் வாயும் வேலை செய்யும்போது அழுகை தானே தணியும். முதல் இரண்டு வாரம் முதல் வகுப்பு ஆசிரியர் அந்த நேரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்து தாமும் ஒரு வாய் சாப்பிடலாம். வீட்டில் ஊட்டிப் பழகிய குழந்தைக்குத் தானே சாப்பிடத் தெரியாது. முதல் சில நாள் ஊட்டுவதில் தவறில்லை, பிறகு ஸ்பூனையோ கையையோ பழக்கலாம். தட்டில் மீதம் வைத்தால் அதட்டாமல், "நாளைக்குக் கொஞ்சமா வாங்கிக்கலாம்" என்று சொன்னால் போதும்.

உணவைப் போலவே கவனிக்க வேண்டியது கழிவறை. பல குழந்தைகள் பள்ளியை வெறுப்பதற்கு யாரிடமும் சொல்லாத காரணம் இதுதான். தாழ்ப்பாள் போட்டால் திறக்க முடியாதோ என்ற பயம், இருட்டு, கேட்கத் தெரியாத தவிப்பு எல்லாம் சேர்ந்து குழந்தை அடக்கிக்கொள்கிறது. உடையிலேயே போய்விட்டால் மற்றவர் சிரிப்பார்கள். மறுநாள் அது பள்ளிக்கு வராது. 'ஒன்னுக்கு', 'மூச்சா', 'கக்கா' என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லைச் சேர்க்கை நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் ஒவ்வொரு பாடவேளைக்கும் இடையில் எல்லாரையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். ஒரு மாற்றுடையைப் பையில் வைத்தனுப்பும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். வகுப்பிலும் இரண்டு உடைகள் இருக்கட்டும்.

நான்காம் பாடம்: கைக்கு வேலை

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின் பேரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வகுப்பு நடந்தது. அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்கள் தங்கிவிட்டுத் திரும்பும் எண்ணத்தில்தான் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரிநாட்டுக் குடிமகளாகக் கருதப்பட்டார். உடன் வந்த மகன் மரியோ சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். தாயும் மகனும் பிரிந்திருந்த அந்த நிலை ஆகஸ்ட் 31-இல், மாண்டிசோரியின் 70-ஆம் பிறந்தநாளில் முடிவுக்கு வந்தது. போர்க்காலம் முழுவதும் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பிற இடங்களிலுமாக அவர் இந்தியாவிலேயே பணிபுரிந்தார். பிறந்தது முதல் ஆறு வயதுவரை குழந்தை சூழலை எவ்வாறு உள்வாங்குகிறது என்பதை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-இல் அடையாற்றிலிருந்துதான் வெளிவந்தது.

மாண்டிசோரி என்றால் அதிகக் கட்டணம் வாங்கும் பள்ளி என்ற எண்ணம் இன்று நம்மிடையே இருக்கிறது. ஆனால் 1907-இல் அவர் தொடங்கிய முதல் 'குழந்தைகள் இல்லம்' ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத குழந்தைகளே அங்கு வந்தவர்கள். அவர் அங்கே கண்டது எளிய உண்மை. தன் கைக்கு ஏற்ற அளவில், தொடக்கமும் முடிவும் உள்ள உண்மையான வேலை ஒன்று கிடைத்தால் குழந்தை அதில் ஆழ்ந்துவிடுகிறது. ஆழ்ந்த குழந்தை அமைதி அடைகிறது.

இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் தேவையில்லை. நம் வகுப்பறையில் முதல் இரண்டு வாரத்துக்கு இவை போதும்: ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுதல். கலந்து வைத்த மொச்சையையும் கொண்டைக்கடலையையும் பிரித்தல். பாயைச் சுருட்டி வைத்தல். சட்டைப் பொத்தான் போடுதல். செடிக்குத் தண்ணீர் விடுதல். ஈரத் துணியால் பலகையைத் துடைத்தல். பூக்களை நிறவாரியாக அடுக்குதல். மயிலாப்பூர் மாட வீதியில் அம்மா பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த குழந்தைக்கும், நொச்சிக்குப்பத்தில் வலை பிரிப்பதைப் பார்த்த குழந்தைக்கும் கைவேலை புதிதன்று. வீட்டில் பார்த்த வேலை பள்ளியிலும் இருந்தால் பள்ளி அந்நியமாகத் தோன்றாது. பருப்பு, மணி போன்ற சிறு பொருள்களைத் தரும்போது ஆசிரியரின் கண் அங்கேயே இருக்க வேண்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது அது.

மாண்டிசோரி வகுப்பில் குழந்தைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக் கற்பார்கள். விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய அரிசியில் குழந்தையின் விரல் பிடித்து எழுதவைக்கும் வழக்கமும், திண்ணைப் பள்ளி மணலும் இதே வழியைச் சேர்ந்தவையே. விரல் முதலில் எழுத்தை உணரட்டும், பென்சில் பிறகு வரட்டும். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பறையில் அரும்பு நிலைக் குழந்தைக்கு ஆடலும் பாடலும் செயல்பாடும் முன்னே நிற்பதும் இதனால்தான். ஜூன் மாதமே ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதவைக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டால், இந்தக் காரணத்தை அவர்களுக்கு விளக்குவது நம் கடமை.

ஒரு மாதத் திட்டம்

மேற்கண்ட நான்கையும் வரிசைப்படுத்தினால் ஒரு திட்டம் கிடைக்கிறது.

பள்ளி திறக்கும் முன்: அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. எனவே சேர்ந்த குழந்தையை ஏப்ரலில் ஒருநாள் பள்ளிக்கு வரவழைக்கலாம். அரைமணி நேரம் முதல் வகுப்பில் உட்காரட்டும், மணியை அடித்துப் பார்க்கட்டும், ஆசிரியரின் முகத்தைப் பார்க்கட்டும். அருகில் உள்ள அங்கன்வாடிக்கு ஆசிரியர் ஒருமுறை சென்று வருவது அதைவிடச் சிறந்தது. அங்கே குழந்தைகள் பாடும் பாடல்களைக் கேட்டு வந்து அவற்றையே முதல் நாள் பாடினால் பாதிக் குழந்தைகள் உடனே சேர்ந்து பாடுவார்கள்.

முதல் மூன்று நாள்: இயன்றவரை எல்லாக் குழந்தைகளையும் ஒரே வேளையில் வரவேற்காமல் சிறு குழுக்களாக வரவேற்கலாம். உடன் வந்தவர் வகுப்புக்குள் சற்று நேரம் உட்கார அனுமதிக்கலாம். ஜெர்மனியில் மழலையர் காப்பகங்களில் முதல் மூன்று நாள் பெற்றோர் உடனிருப்பதும், நான்காம் நாளில்தான் சிறிது நேரம் பிரிந்து பார்ப்பதும் பரவலாக உள்ள ஒரு முறை. நம்மால் அவ்வளவு முடியாது. கால் மணி நேரம் முடியும். முக்கியமான விதி ஒன்றுண்டு: யாரும் குழந்தைக்குத் தெரியாமல் நழுவிப் போகக் கூடாது. நழுவிப் போனால் குழந்தை அடுத்த நாள் ஒரு நொடியும் கையை விடாது. "அம்மா போயிட்டு வரேன்" என்று சொல்லி, குழந்தை அழுதாலும் பார்க்கப் போவதே நல்லது.

முதல் வாரம்: நாளின் நிகழ்வுகளைப் படங்களாகச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். சாப்பாடு, பாட்டு, விளையாட்டு, மதியச் சாப்பாடு, கதை, கடைசியில் வாசலில் நிற்கும் அம்மா. ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு குழந்தை அந்தப் படத்தின்மேல் ஒரு குறியிடட்டும். "இன்னும் ரெண்டு படம்தான், அப்புறம் அம்மா" என்றால் குழந்தைக்குப் புரியும். கடிகாரம் செய்யாததை இது செய்யும்.

இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை: நாள்தோறும் ஒரே வரிசை, ஒரே வரவேற்புப் பாட்டு, ஒரே விடைகொடுப்பு. அழும் குழந்தையிடம் "அழாதே" என்பதைவிட "அம்மாவை நினைச்சா அழுகை வருது, இல்ல?" என்று சொல்வது விரைவில் தேற்றும். அதன்பின் கையில் ஒரு வேலையைக் கொடுக்கலாம். "அழுதா போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்ற பயமுறுத்தலும், "அழலைன்னா சாக்லேட்" என்ற பேரமும் வேண்டாம். முதலாவது நம்பிக்கையைக் கெடுக்கும். இரண்டாவதில் அழுகைக்கு விலை கிடைத்துவிடும்.

பெற்றோரின் நேரம்

அடையாறு, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீட்டுவேலை செய்யும் தாய்மார்கள் விடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தி.நகர்க் கடைகளில் விற்பனைப் பணியில் இருப்பவர்கள் இரவுதான் வீடு திரும்புகிறார்கள். மீன் விற்கும் பெண்கள் குழந்தை விழிக்கும் முன்பே போய்விடுகிறார்கள். குழந்தையை அழைத்து வருவது பாட்டியாகவோ மூன்றாம் வகுப்பு அண்ணனாகவோ இருக்கும். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று முடிவு கட்டும் முன் இந்த நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்ற நிலையில் உள்ள தாயை மூன்று நாள் வந்து உட்காரச் சொல்ல முடியாது. பாட்டி, தாத்தா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என யாராயினும் குழந்தைக்குப் பழகியவர் ஒருவர் போதும். பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலையோ மாலையோ வைப்பது பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். வாரம் ஒருமுறை "உங்க பொண்ணு இன்னைக்குப் பாட்டுப் பாடினா" என்ற ஒரு குரல்செய்தியைத் தாயின் கைப்பேசிக்கு அனுப்பலாம். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார்தான் என்று பழகிய பெற்றோருக்கு அது வேறோர் உறவைத் தொடங்கிவைக்கும்.

வேறு மொழி, வேறு இடம்

கட்டுமானப் பணிக்காகப் பிற மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் இப்போது சென்னைப் பள்ளிகளில் கணிசமாகச் சேர்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகள் முன்பே உண்டு. இவர்களுக்குப் பிரிவோடு மொழியும் சேர்ந்து சுவராகிறது. தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வலி, அம்மா வருவார் ஆகிய ஐந்தையும் குழந்தையின் மொழியில் எப்படிச் சொல்வது என்று ஆசிரியர் கற்றுக்கொண்டால் முதல் வாரம் கடந்துவிடும். அந்த மொழி தெரிந்த மூத்த மாணவர் இருந்தால் அவரே துணை. அந்தக் குழந்தை பல வாரங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அதைக் கற்றல் குறைபாடு என்று எழுதிவிட வேண்டாம்.

நீர்நிலைக் கரைகளிலிருந்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளும் புதிய பள்ளியில், பல நேரம் ஆண்டின் நடுவில், முதல் நாளைச் சந்திக்கிறார்கள். விஜயதசமியில் சேரும் குழந்தைகளும் அப்படியே. வகுப்பு முழுதும் பழகிவிட்ட அக்டோபரில் தனியாக அழும் குழந்தைக்கு ஜூன் மாதத்துக் குழந்தையைவிடத் துயரம் அதிகம். யார் எந்த மாதம் வந்தாலும் அவருக்கு ஒரு முதல் மாதம் உண்டு என்பதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வோம்.

ஆறாம் வகுப்பிலும் ஒரு முதல் நாள்

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே ஆசிரியரிடம் ஐந்து ஆண்டு படித்த குழந்தை, ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், நீண்ட தாழ்வாரங்கள், தன்னைவிட இருமடங்கு உயரமான மாணவர்கள் என்ற உலகத்துக்குள் நுழைகிறது. பதினொரு வயதில் யாரும் வாசலில் நின்று அழுவதில்லை. தொலைந்துபோவோமோ என்ற பயம், மதிய உணவில் யாருடன் உட்காருவது என்ற கவலை, கழிவறையில் பெரியவர்கள் கேலி செய்வார்களோ என்ற அச்சம் எல்லாம் உள்ளே இருக்கும். பெண் குழந்தைகளுக்கு உடல் மாற்றத்தின் கவலையும் சேரும். முதல் வாரம் வகுப்பாசிரியர் பள்ளியைச் சுற்றிக் காட்டுவதும், கால அட்டவணையைப் படிக்கக் கற்றுத்தருவதும், எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு துணையை அமைப்பதும் முதல் வகுப்பில் செய்ததன் தொடர்ச்சியே.

மாத இறுதியில் பார்க்க வேண்டியவை

ஜூன் முடிவில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரிலும் ஐந்து கேள்விகளை எழுதிப் பாருங்கள். தன் பெயருக்குப் பதில் தருகிறதா? பள்ளியில் சாப்பிடுகிறதா? தேவையைக் கேட்கிறதா? விளையாட ஒரு நண்பர் இருக்கிறாரா? ஆசிரியரிடம் தானாக வந்து ஏதேனும் ஒன்றைச் சொன்னதா?

ஐந்துக்கும் 'ஆம்' என்றால் அந்தக் குழந்தை பழகிவிட்டது, பாடம் இனி ஏறும். ஒன்றிரண்டுக்கு 'இல்லை' என்றால் அங்கே இன்னும் சில வாரம் கவனம் வேண்டும். மூன்றுக்கு மேல் 'இல்லை' என்றால் வீட்டுக்குச் சென்று பேச வேண்டும். பார்வை, கேட்டல், பேச்சு, வீட்டுச் சூழல் ஆகியவற்றில் ஏதேனும் சிக்கல் இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் சிறப்பாசிரியரிடமும் அந்தக் குழந்தையைக் காட்ட வேண்டும். முன்பே சொன்னபடி, அழாமல் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தையின் பெயரை முதலில் எழுதுங்கள். அழும் குழந்தையை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டியவர் நாம்தான்.

இந்தப் பட்டியலை ஜூலை மாதப் பள்ளி அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் எடுத்துப் பேசலாம். எந்தக் குழந்தைக்கு எது பயன்பட்டது என்று ஓர் ஏட்டில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டு முதல் வகுப்பை ஏற்கும் ஆசிரியருக்கு, அவர் நாமாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், அது கையேடாகும்.